75 வயசோட ஷீட் முடியுது, அன்னைக்கு உங்க மனைவிக்கு 69 தான் ஆகியிருக்கும்

வாசகர் ஒருத்தர் அனுப்புன கேள்வி, சுருக்கி போடுறேன்:

"எனக்கு 54, மனைவிக்கு 48. தனியார் வேலை, பென்ஷன் கிடையாது. 60ல ரிட்டயர் ஆகலாம்னு இருக்கேன். உலகத்துலயே சராசரி ஆயுசு 73ன்னு படிச்சேன், கூட ரெண்டு வருஷம் சேத்து 75 வரைக்கும் எக்செல்ல கணக்கு போட்டு வெச்சிருக்கேன். 60ல கையில நிக்கப்போற பணம் எங்க ஒரு வருஷ செலவுல 13 மடங்கு, கரெக்டா 75 வரைக்கும் வருது. செலவுன்னு பாத்தா வீட்டுச் செலவு, இன்சூரன்ஸ், மாமியாரோட மருந்துச் செலவு (அவங்களுக்கு 84, எங்களோடதான் இருக்காங்க), அவ்வளவுதான். கூட வேலை பாக்குறவர் 90 வரைக்கும் போடணும்ங்கறாரு. எங்க அப்பா 61ல ஹார்ட் அட்டாக்ல போயிட்டாரு, தாத்தா 58ல. எங்க வம்சத்துல யாரும் 70ஐ பாத்ததில்ல. நான் இருக்கப்போறதே இல்லாத வயசுக்காக எதுக்கு இன்னும் நாலு வருஷம் உழைக்கணும்? நான் நினைக்கிறது சரிதானே மேடம்?"

சார், உங்க ஷீட்ட நான் முழுசா பாத்தேன். செலவெல்லாம் நேர்மையா போட்டிருக்கீங்க, விலைவாசி ஏத்தத்தையும் விடல, விலைவாசிய விட வருஷத்துக்கு 2 சதவீதம் அதிகமா பணம் வளரும்னு அடக்கமாத்தான் எடுத்திருக்கீங்க, இத்தனை வருஷத்துல இவ்வளவு சுத்தமா ஷீட் போட்டு அனுப்புனவங்க ரொம்ப கம்மி. ஆனா அதுல ஒரு ஆளோட வயசு மட்டும்தான் இருக்கு. முதல் நெடுவரிசைல 60, 61, 62ன்னு ஆரம்பிச்சு 75ல நிக்குது. பக்கத்துலயே இன்னொரு நெடுவரிசை போட்டு உங்க மனைவி வயச எழுதிப் பாருங்க, 54, 55ன்னு போய் கடைசி வரில 69 வரும். அதாவது உங்க கணக்குப்படி எல்லாமே சரியா நடந்து, நீங்க நினைச்ச வயசுலயே நீங்க போயிட்டா, பணமும் அன்னைக்கே தீந்து போச்சு, அவங்க 69 வயசுல கையில ஒண்ணுமில்லாம நிக்கிறாங்க. நீங்க இத நினைச்சு எழுதலன்னு எனக்கு தெரியும், ஆனா ஷீட் சொல்றது இதத்தான்.

உங்க கேள்விலயே ஒருத்தங்க அடைப்புக்குறிக்குள்ள ஒரே ஒரு வரில வந்துட்டு போறாங்க பாத்தீங்களா, உங்க மாமியார். 84. உங்க வீட்லயே இருக்காங்க, மாசாமாசம் அவங்க மருந்துக்கு நீங்கதான் பணம் எடுத்து வெக்கிறீங்க. வம்சத்த வெச்சுதான் கணக்கு போடுவேன்னா, அந்த அம்மா பெத்த பொண்ணோட கணக்க எந்த வயசுல நிறுத்துவீங்க?

இப்போ அந்த 73க்கு வருவோம். தப்பான நம்பர் இல்ல, ஐநாவோட 2024 கணிப்புலயும் உலக சராசரி 73 சொச்சம்தான். ஆனா அது இன்னைக்கு பொறக்குற குழந்தைக்கான நம்பர். அதுக்குள்ள ஒரு வயசுக்குள்ள போற குழந்தை, இருபதுல ஆக்சிடெண்ட்ல போற பையன், நாப்பதுல நோய்ல போறவங்க எல்லாரும் அடக்கம். 1900 வாக்குல உலக சராசரி 32 வருஷம்தான்னு சொல்லுவாங்க, அதுக்காக அப்போ இருந்தவங்கல்லாம் 32ல செத்துடல, குழந்தைங்க அவ்வளவு பேர் இறந்ததால சராசரி அப்படி கீழ இழுத்துடுச்சு. நீங்க அந்த ஆபத்தெல்லாம் தாண்டி 54 வரைக்கும் வந்துட்டீங்க. உங்களுக்கு பொறந்த குழந்தையோட நம்பர் பொருந்தாது, 60 வயச தொட்டவங்க இன்னும் எவ்வளவு நாள் இருக்காங்கங்கற நம்பர்தான் பொருந்தும். உலக சுகாதார நிறுவனம் கணக்குல 2019ல அது சுமார் 21 வருஷம். அப்போ 60ல இருக்குற ஒருத்தருக்கு சராசரியே 81 ஆயிடுது. அதாவது சுமார் பாதிப் பேரு அதுக்கு மேலயும் இருப்பாங்க. பாதிப் பேருக்கு பத்தாத பணத்த எப்படி சார் பிளான்னு சொல்றது?

உங்க நாட்டு புள்ளிவிவரத் துறையே இந்த ஆயுள் அட்டவணைய வெளியிடும், எடுத்துப் பாருங்க. அதுல ஒவ்வொரு வயசுக்கு நேரா, பொறந்த ஒரு லட்சம் பேர்ல எத்தனை பேர் இந்த வயச தொடுறாங்கன்னு ஒரு நெடுவரிசை இருக்கும். எல்லாரும் முதல் வரிய மட்டும் பாத்துட்டு மூடிடுறாங்க. நீங்க 60க்கு நேரா இருக்குற நம்பர எடுங்க, 90க்கு நேரா இருக்கறதையும் எடுங்க. உதாரணத்துக்கு 60ல 85,000, 90ல 20,000ன்னு இருந்தா, இருபத எண்பத்தஞ்சால வகுங்க, 23 சதவீதம் சொச்சம் வரும். 60 வயச தொட்ட நாலு பேர்ல கிட்டத்தட்ட ஒருத்தர் 90ஐயும் தொடுவாருன்னு அர்த்தம். ஆம்பளைங்களுக்கு தனி, பொம்பளைங்களுக்கு தனியா இருக்கும், அவங்க அட்டவணைய எடுத்தா நம்பர் இன்னும் கூடத்தான் வரும், ஏன்னா அநேகமா எல்லா நாட்லயும் பொம்பளைங்க ஆயுசுதான் அதிகம். இது ஒண்ணும் புதுசு இல்ல, எட்மண்ட் ஹாலி, அதான் வால் நட்சத்திரத்துக்கு பேர் வெச்சிருக்காங்களே அவரேதான், 1693லயே ப்ரெஸ்லாவ் நகரத்து பிறப்பு இறப்பு பதிவுகள வெச்சு இதே மாதிரி ஒரு அட்டவணை போட்டு, ஆயுசு முழுக்க வருமானம் தர்ற ஆன்யூட்டிக்கு எந்த வயசுல என்ன விலை வெக்கணும்னு எழுதியிருக்காரு.

இன்னொன்னு, தம்பதிக்கு போடுற கணக்கு ஒரு ஆளுக்கு போடுற கணக்கு மாதிரி இல்ல. சும்மா ஒரு உதாரணம், கணவர் 90ஐ தொட வாய்ப்பு அஞ்சுல ஒண்ணு, மனைவிக்கு மூணுல ஒண்ணுன்னு வெச்சுக்கோங்க. தனித்தனியா பாத்தா ரெண்டுமே சின்னதாத்தான் தெரியுது. ஆனா ரெண்டு பேருமே 90ஐ தொடாம போறதுக்கான வாய்ப்பு 0.8ஐ 0.67ஆல பெருக்கினா 0.53, மீதி 47 சதவீதம். அதாவது வீட்ல ஒருத்தராவது 90ல இருக்கறதுக்கு கிட்டத்தட்ட பாதிக்கு பாதி வாய்ப்பு. பணம் தேவைப்படுறது அந்த கடைசி ஆளு இருக்குற வரைக்கும். இந்த ஒரு பெருக்கல போட்டுக் காமிச்சதும் என் முன்னாடி உக்காந்திருக்குற கணவன் மனைவி ரெண்டு பேரும் ஒருத்தர ஒருத்தர் திரும்பி பாப்பாங்க, நிறைய தடவை பாத்திருக்கேன்.

உங்க அப்பா விஷயத்துக்கு வர்றேன். இத லேசா சொல்லிட்டு போக எனக்கு மனசில்ல. அப்பா போன வயசு கிட்ட வர வர, நமக்கும் அவ்வளவுதான்னு மனசுக்குள்ள ஒரு கோடு விழுந்துடும், என்கிட்ட வர்ற ஆம்பளைங்க பல பேருக்கு அந்த கோடு இருக்கு, வெளிய சொல்ல மாட்டாங்க, ஷீட்ல தெரியும். ஆனா பரம்பரைங்கறது ஆயுச முழுசா எழுதி வெச்சிடறது கிடையாது. 1996ல டென்மார்க் இரட்டையர்கள வெச்சு பண்ண ஆராய்ச்சில, ஒருத்தர் ஆயுசுக்கும் இன்னொருத்தர் ஆயுசுக்கும் இருக்குற வித்தியாசத்துல சுமார் கால் பங்குதான் பரம்பரையால வருதுன்னு பாத்தாங்க. உங்க அப்பாவும் தாத்தாவும் சிகரெட் பிடிச்சவங்க, நீங்க தொட்டதே இல்லன்னு நீங்களே எழுதியிருக்கீங்க. அவங்க காலத்துல ரத்தக் கொதிப்புக்கும் கொழுப்புக்கும் இன்னைக்கு இருக்குற மாத்திரைங்க பாதி கிடையாது. அப்பாவுக்கு சின்ன வயசுலயே ஹார்ட் அட்டாக் வந்திருக்குங்கறது டாக்டர்கிட்ட சொல்ல வேண்டிய விஷயம், அத இந்த மாசமே போய் சொல்லி செக்கப் பண்ணிக்கோங்க, அதுக்கு மட்டும் அந்த பயத்த உபயோகப்படுத்துங்க. பணக் கணக்க நிறுத்துறதுக்கு அத உபயோகப்படுத்தாதீங்க. சீக்கிரம் போயிடுவேன்னு தோணுறவர் போடவேண்டிய கணக்கு, நான் இல்லாதப்போ அவ எப்படி இருப்பாங்கறதுதான்.

தெற்கு பிரான்ஸ்ல ஆர்ல்னு ஒரு ஊரு. 1965ல அங்க 90 வயசான ஜான் கால்மோன்னு ஒரு அம்மாகிட்ட 47 வயசு வக்கீல் ஒருத்தர் ஒப்பந்தம் போட்டாரு, மாசாமாசம் இவ்வளவு தர்றேன், நீங்க இருக்குற வரைக்கும் உங்க வீட்லயே இருங்க, அப்புறம் வீடு எனக்குன்னு. 90 வயசு ஆச்சே, இன்னும் எத்தனை வருஷம்னு அவரு நினைச்சிருப்பாரு, யாரா இருந்தாலும் அப்படித்தான் நினைப்போம். முப்பது வருஷம் கட்டினாரு. வீட்டு மதிப்ப மாதிரி ரெண்டு மடங்குக்கு மேல கட்டிட்டு, அந்த வீட்டுக்குள்ள குடி போகாமலே 1995ல 77 வயசுல அவரு போயிட்டாரு, அதுக்கப்புறமும் அவரோட குடும்பம் கட்டிச்சு, அந்த அம்மா 1997ல 122 வயசுல இறக்குற வரைக்கும். 122 எல்லாருக்கும் வராது, பதிவானதுலயே அதுதான் அதிகம். ஆனா ஒரே ஒரு ஆளோட ஆயுச யாராலயும் சரியா சொல்ல முடியாது, ஆயிரம் பேர சேத்து வெச்சாத்தான் கணக்கு படியும். அந்த வக்கீலுக்கு இருந்ததும் ஒரு ஆளு, உங்களுக்கு இருக்கறதும் ரெண்டே ஆளு.

சில வருஷத்துக்கு முன்னாடி 81 வயசு அம்மா ஒருத்தங்க என்னப் பாக்க வந்தாங்க. கையில நீளமான ஒரு கணக்கு நோட்டு, கணவரோடது. ஒவ்வொரு பக்கத்துக்கும் ஒரு வருஷம், மேல அவரு வயசு, கீழ பென்சில்ல கோடு போட்டு செலவு, வட்டி, மீதி. கையெழுத்து அச்சு மாதிரி இருக்கும். 75ன்னு எழுதியிருந்த பக்கத்துக்கு அடில ரெண்டு கோடு போட்டு மீதி பூஜ்யம்னு எழுதியிருந்தாரு. அதுக்கப்புறம் நோட்டுல பாதிக்கு மேல வெத்துப் பக்கம். அவரு 77 வரைக்கும் இருந்தாரு, கடைசி ரெண்டு வருஷம் ஆஸ்பத்திரிக்கே நகை போச்சு. "எனக்குன்னு ஒரு பக்கம் போட மறந்துட்டாரும்மா"ன்னாங்க. கோவமா சொல்லல, அவரு மேல குத்தம் வரக்கூடாதுன்னு சொல்ற மாதிரி சொன்னாங்க. பேசிட்டிருக்கும்போது பைக்குள்ளேர்ந்து மாத்திரை அட்டைய எடுத்தாங்க, எல்லா மாத்திரையும் பாதி பாதியா உடைச்சு வெச்சிருந்தது, டாக்டர் அப்படி சொல்லல, ஒரு அட்டை ரெண்டு மாசம் வரட்டும்னு இவங்களே பண்ணது. உங்க ஷீட்ட பாத்ததும் எனக்கு அந்த நோட்டுதான் ஞாபகம் வந்துச்சு, அதனாலதான் இவ்வளவு நீளமா எழுதுறேன்.

சரி, கணக்கு. உங்க 2 சதவீதத்தையே வெச்சுக்கறேன். ரெண்டு பேருக்கும் 15 வருஷம், 60லேர்ந்து 75 வரைக்கும்னா ஒரு வருஷ செலவ மாதிரி 12.85 மடங்கு வேணும், உங்க 13 இதுதான். இப்போ உங்க மனைவி 92 வரைக்கும் இருக்காங்கன்னு வெப்போம், அப்போ மொத்தம் 38 வருஷம். ஒருத்தர் போயிட்டா செலவு பாதியாயிடும்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, ஆகாது. வீடு அதேதான், கரண்ட் அதேதான், ரிப்பேர் அதேதான், கூட ஒத்தாசைக்கு ஆள் வெக்க வேண்டி வரும். பொதுவா 70 சதவீதம்னு எடுக்கலாம். அப்படி போட்டா 22.4 மடங்கு வருது. நீங்களும் கூடவே ரொம்ப வருஷம் இருந்துட்டீங்கன்னா, எனக்கு அதுதான் நடக்கும்னு தோணுது, 26 மடங்கு வரைக்கும் போகும். உங்ககிட்ட இருக்கப்போறது 13. இடைவெளி ஒன்பதரை.

ஒன்பதரைன்னு பாத்ததும் பயந்துடாதீங்க, முழுசையும் சம்பாதிச்சே அடைக்கணும்னு இல்ல.

முதல்ல வேலை. 60க்கு பதிலா 63ல ரிட்டயர் ஆனா என்ன ஆகும்னு போட்டுப் பாத்தேன். பணத்த எடுக்க ஆரம்பிக்கறது மூணு வருஷம் தள்ளிப் போகுது, இருக்குற 13 அந்த மூணு வருஷமும் வளருது, வருஷத்துக்கு அரை வருஷ செலவு அளவுக்கு சேத்தீங்கன்னா கூட 15.3 மடங்கு ஆயிடுது, தேவை 20.7க்கு இறங்கிடுது. இடைவெளி ஒன்பதரைலேர்ந்து அஞ்சரைக்கு வந்துடுச்சு, வெறும் மூணே வருஷத்துல. நாலு வருஷம் எதுக்கு உழைக்கணும்னு கேட்டீங்க, அந்த மூணு நாலு வருஷத்துக்குத்தான் இருக்குறதுலயே அதிக பலன். இதே கம்பெனில இதே ஓட்டம் ஓடணும்னு இல்ல, பாதி சம்பளத்துக்கு லேசான வேலைன்னாலும், சேமிக்க முடியலன்னாலும் பரவால்ல, சேத்தத எடுக்காம இருந்தாலே போதும். செலவும் ரெண்டு பக்கமும் வேலை செய்யும், வருஷ செலவ பத்து சதவீதம் குறைச்சா அதே பணம் 13 மடங்குலேர்ந்து 14.4 மடங்காயிடும்.

ரெண்டாவது, உங்க மனைவியோட அந்த கடைசி 23 வருஷத்துக்கான பணம் தேவைப்படவே இன்னைலேர்ந்து 21 வருஷம் இருக்கு. அத இப்பவே வட்டி டெபாசிட்ல போட்டு பூட்டி வெக்கறது பாதுகாப்பு மாதிரி தெரியும், ஆனா விலைவாசி வருஷத்துக்கு 6 சதவீதம் ஏறினா 21 வருஷத்துல எல்லா விலையும் 3.4 மடங்கு ஆயிடும். அவ்வளவு நீண்ட காலத்துக்கு காத்திருக்குற பணத்துல ஒரு பங்காவது பங்குச்சந்தை மாதிரி வளர்ற இடத்துல இருக்கணும். ரிட்டயர் ஆன உடனே முதல் அஞ்சாறு வருஷத்துக்கு எடுக்கப்போற பணம் மட்டும் ஏத்த இறக்கம் இல்லாத இடத்துல இருக்கட்டும், சந்தை விழுந்திருக்கும்போது வித்து சாப்பிடற நிலமை வந்துடக் கூடாது.

நாலு சதவீதம் ரூல்னு யாராவது சொல்லுவாங்க, வில்லியம் பென்ஜென்ங்கற அமெரிக்க நிதி ஆலோசகர் 1994ல அந்த நாட்டு சந்தை நிலவரத்த வெச்சு சொன்னது, முதல் வருஷம் சேத்த பணத்துல 4 சதவீதம் எடுத்துட்டு அப்புறம் விலைவாசிக்கு ஏத்தாப்ல கூட்டிக்கிட்டே போறது. அவரு பாத்தது 30 வருஷம் தாங்குமாங்கறது. உங்க கணக்கு 38 வருஷம், அத அப்படியே எடுத்து போட்டுக்காதீங்க.

மூணாவது, ஆன்யூட்டி. மொத்தமா பணத்த குடுத்துட்டா ஆயுசு இருக்குற வரைக்கும் மாசாமாசம் வரும். சீக்கிரம் போயிட்டா நஷ்டம்னு எல்லாரும் ஒதுக்கிடறாங்க, ஆனா அதோட வேலையே அதுதான், சீக்கிரம் போறவங்க பணம் நீண்ட நாள் இருக்கறவங்களுக்கு போகுது, நம்ம வீட்ல யாரு எந்த பக்கம்னு தெரியாதப்போ அது ஒரு இன்சூரன்ஸ். எல்லாத்தையும் அதுல போடாதீங்க. வீடு, மருந்து, சாப்பாடுன்னு தப்பிக்க முடியாத செலவுக்கு மட்டும் போடுங்க, அதுவும் 70 வாக்குல வாங்குனா அதே பணத்துக்கு மாசம் கூட வரும். ஆனா ஒரு விஷயத்துல நான் கண்டிப்பா இருப்பேன், ரெண்டு பேர் ஆயுசுக்கும் சேத்து வாங்குங்க. ஒருத்தர் ஆயுசுக்கு மட்டும்னா மாசத் தொகை கொஞ்சம் கூட வரும், அத பாத்து கையெழுத்து போட்டுடாதீங்க, உங்களோட அது நின்னு போயிடும். விலைவாசிக்கு ஏத்தாப்ல கூடுமாங்கறதையும் கேளுங்க, கூடாதுன்னா இருபதாவது வருஷம் அது காபி செலவுக்குத்தான் ஆகும்.

மருத்துவ செலவுக்கு ஷீட்ல எல்லா வருஷத்துக்கும் ஒரே தொகைய இழுத்து விட்டிருக்கீங்க. அப்படி வராது. உலக சுகாதார நிறுவனம் ஆரோக்கியமா வாழ்ற வருஷங்கள தனியா கணக்கு பண்ணுது, அது மொத்த ஆயுசவிட சுமார் பத்து வருஷம் கம்மி. செலவு கனமா வர்றது கடைசில, அதாவது நீங்க ஷீட்லேர்ந்து வெட்டி எடுத்த பகுதில. உங்க மாமியார் செலவு 74ல எவ்வளவு இருந்துச்சு, 84ல எவ்வளவுன்னு பழைய பில்லுங்க இருந்தா எடுத்துப் பாருங்க, உங்க குடும்பத்துக்குன்னு அத விட நல்ல கணக்கு எந்த புத்தகத்துலயும் கிடைக்காது.

கடைசியா ஒண்ணு, இதுக்கு பணம் செலவே இல்ல. எந்த பணம் எங்க இருக்கு, எந்த அக்கவுண்ட்ல யாரு நாமினி, பாஸ்வேர்டு என்ன, இதெல்லாம் அவங்களுக்கு தெரியுமா? அவங்களுக்கு இதெல்லாம் புரியாதுன்னு ஒரு வரி எழுதியிருந்தீங்க. 48 வயசுல கத்துக்கறது ஒண்ணும் கஷ்டமில்ல சார், 75 வயசுல தனியா உக்காந்து, யாருகிட்ட கேக்கறதுன்னு தெரியாம கத்துக்கறதுதான் கஷ்டம். மாசத்துக்கு ஒரு ஞாயித்துக்கிழமை ஒரு மணி நேரம் ரெண்டு பேரும் அந்த ஷீட் முன்னாடி உக்காருங்க, எடுக்கறது போடறது எல்லாத்தையும் அவங்க கையாலயே பண்ணட்டும், நீங்க பக்கத்துல இருங்க.

அடுத்த தடவை ஷீட் அனுப்பும்போது முதல் நெடுவரிசைல அவங்க வயசு இருக்கட்டும், 92 வரைக்கும் போடுங்க, 75க்கு அப்புறம் வர்ற வரிகள்ல என்ன செலவுன்னு அவங்களையே நிரப்ப சொல்லுங்க. அந்த வரிகள நான் முதல்ல பாக்கறேன்.